வீட்டு நாடகமும் மேடை நாடகமும்



மேடையில்லாமலும் திரையில்லாமலும் நம் வீடுகளில் ஒரு நாடகம் நடப்பதுண்டு. வீட்டில் ஒருவருக்குத் தீராத வியாதி என்று வைத்தியர் சொன்ன அன்றைக்கே அது ஆரம்பித்துவிடுகிறது. அப்பாவைப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். அவர் வெளியே பெஞ்சியில் காத்திருக்க, மகன் மட்டும் உள்ளே போய்ச் சமாசாரத்தைக் கேட்டு வருகிறான். காகிதங்கள் பையின் அடியிலே போகின்றன. மரக்காணத்துக்குத் திரும்பும் பேருந்து காலாப்பட்டைத் தாண்டுவதற்குள் எல்லாருக்கும் வேஷம் கட்டியாகிவிடுகிறது.

"எனக்கு இன்னாடா வியாதி?" என்று கேட்கிறார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா, வயித்துல புண்ணுதான். மாத்திரையிலியே ஆறிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்கிறான் மகன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவ்வளவுதான், முதல் காட்சி முடிந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே எச்சரிக்கப்படுகிறார்கள். "அவருக்குத் தெரியாது, பார்த்துப் பேசுங்க." வந்தவர்களும் தங்கள் பங்கைக் குறைவில்லாமல் நடிக்கிறார்கள். ஆனால் வியாதிக்காரரை நாம் அவ்வளவு அறிவில்லாதவரென்று எண்ணலாமா? ஆயுசு முழுவதும் உப்பளத்துப் பாத்தியில் நின்று, தண்ணீரின் நிறத்தைக் கொண்டே இன்னும் எத்தனை நாளில் உப்பு விளையும் என்று சொன்ன மனிதர் அவர். கடன் கொடுத்தவன் திடீரென்று மெதுவாகப் பேசுகிறான். வரப்புத் தகராறில் பத்து வருஷமாய் முகம் பாராத தம்பி, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். இதையெல்லாம் பார்த்த பிறகும் அவருக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? தெரிகிறது. தெரிந்தும், பெண்சாதி பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று அவரும் ஒரு வேஷம் பூணுகிறார்: ஒன்றும் அறியாதவர் வேஷம். இப்பொழுது நாடகத்தில் நடிக்காதவர் ஒருவருமில்லை, பார்ப்பவரும் ஒருவருமில்லை. எல்லாரும் அன்பினால்தான் நடிக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டிலே மெய்யான பேச்சு ஒரு வார்த்தை இல்லை.

இது பாவமா, புண்ணியமா என்று நம்மில் அநேகர் கேட்டதுண்டு. உடனே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. அர்ச். அகுஸ்தீனார் ஏறக்குறைய 420-ம் ஆண்டில் பொய்யைக் கண்டித்து எழுதிய நூலொன்றில் இப்படிப்பட்ட ஒரு சங்கடத்தைத்தான் எடுத்துப் பேசுகிறார். ஒரு மனிதன் கடும் வியாதியாய்க் கிடக்கிறான். அவனுடைய ஒரே மகன் இறந்துபோனான். தகப்பனுக்கு அது தெரியாது. 'என் பிள்ளை சுகமாயிருக்கிறானா?' என்று கேட்கிறான். உள்ளதைச் சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும். என்ன சொல்வது? இந்தக் கேள்வி தம் மனதை மிகவும் அசைக்கிறதென்று அந்தப் பெரிய வேதபாரகரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் பொய் சொல்லலாம் என்று மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பொய்க்கு இரக்கத்தின் பேரால் கதவைத் திறந்தால், பிறகு அந்தக் கதவை எங்கே மூடுவது என்பதே அவருடைய விசாரம்.

நம்முடைய சங்கடம் அதைவிடச் சற்றுக் கடினமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே மறைக்கப்பட்டது மகனுடைய சாவு. இங்கே மறைக்கப்படுவது அந்த மனிதருடைய சொந்தச் சாவு. அது அவருடைய உடைமை. அவருடைய நிலத்துப் பத்திரத்தை அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைப்போமா? அப்படியிருக்க, அவருக்கு மிஞ்சியிருக்கும் நாட்களின் கணக்கை மட்டும் நாம் ஒளித்து வைத்துக்கொள்ள நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஆனால் மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேலி செய்வது தகாது. "சொன்னால் மனசு உடைஞ்சிடும், சாப்பிடமாட்டார், நாளை எண்ணி எண்ணியே படுத்துடுவார்" என்று சொல்லும் தாய்மார்கள் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. நம் ஊரில் வியாதி ஒருவருடையதாக மட்டும் இருப்பதுமில்லை. குடும்பம் முழுவதும் சேர்ந்துதான் அதைச் சுமக்கிறது, செலவும் சேர்ந்தே செய்கிறது, முடிவும் சேர்ந்தே எடுக்கிறது. அதுவுமல்லாமல், பொய் சொல்லாதிருப்பது ஒன்று, உண்மையைத் தலையில் கொட்டுவது வேறொன்று. கேளாதவரிடம் போய், 'உமக்கு இத்தனை மாதம்' என்று கணக்குச் சொல்வது நேர்மையல்ல, முரட்டுத்தனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அவர் கேட்கும்போது, கேட்ட அளவுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது. சொன்ன பிறகு எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருப்பது. இந்த வழி கடினமானது. ஏனென்றால் அதற்கு நமக்கு வசனம் தெரியாது. ஒருவரும் நமக்கு அதைக் கற்றுக் கொடுத்ததில்லை.

மேடை நாடகத்தைப் பற்றி இங்கே பேச வந்தது இதனால்தான்.

முதலில், நாம் பார்த்துப் பழகிய கதைகள் நமக்கு என்ன கற்பித்தன என்று பாருங்கள். இந்தத் தாள் சினிமாவைப் புகழ்வதற்காக அச்சாகிறதல்ல. ஆனாலும் நம் ஜனங்கள் சாவைப் பற்றி நினைக்கும் விதத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது. 1982-ம் ஆண்டு ஒன்றிலேயே, 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்ற இரண்டு படங்கள் ஊரெல்லாம் ஓடின. இரண்டிலும் கதாநாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் அதைத் தன்னை நேசிக்கும் பெண்ணிடம் மறைக்கிறான். தன்னை வெறுக்கட்டும் என்று கெட்டவனைப்போல் நடிக்கிறான். கொட்டகை முழுவதும் அழுதது. மறைப்பதுதான் பெருந்தன்மை, மறைப்பதுதான் அன்பின் உச்சம் என்ற பாடத்தை நாம் கண்ணீரோடு படித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்தப் பெண்ணுக்கு விடைபெறும் உரிமையே இல்லாமல் போயிற்றே என்று எத்தனை பேர் எண்ணினோம்?

அதற்கு முன்னால், சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே ஒழிந்த நேரத்தில் நாடகம் எழுதி வந்த கே. பாலசந்தர், 'நீர்க்குமிழி' என்று ஒரு நாடகம் போட்டார். 1965-ல் அதையே படமாகவும் எடுத்தார். அவர் இயக்கிய முதற்படம் அது. கதை முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டே வார்டில் சுற்றிவரும் சேது என்ற நோயாளியாக நாகேஷ் நடித்தார். சிரிப்புக்காரனுக்குச் சாகும் வேஷத்தைக் கொடுத்தது சின்னக் காரியமல்ல. தொழில் நாடகக் கம்பெனிகள் தொடப் பயப்படும் பொருளை, மாலையில் ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை பார்க்கும் மனிதர்கள் தொட்டார்கள் என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் நம் கரையில் இதற்கெல்லாம் மூத்த ஒரு நாடகம் இருக்கிறது. பங்குனி முதல் ஆடி வரைக்கும் நம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இரவு முழுவதும் தெருக்கூத்துச் சத்தம் கேட்கும். அவற்றிலே 'கர்ண மோட்சம்' என்ற கூத்தை, கோயில் திருவிழாவில் மட்டுமல்ல, ஒருவர் இறந்தால் கருமாதியன்றும் ஆடும் வழக்கம் வட தமிழ்நாட்டில் உண்டு. பாரதக் கதை ஆயிற்றே, நமக்கென்ன என்று முகம் சுளிக்க வேண்டாம். உப்பு எந்தப் பாத்தியில் விளைந்தாலும் உப்புதான். கவசகுண்டலத்தைக் கொடுத்தாயிற்று, தாய்க்கு வாக்கும் கொடுத்தாயிற்று. பதினேழாம் நாள் போருக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று கர்ணனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, மனத்தாங்கலோடு இருக்கும் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான். கூத்தில் சண்டைக்கு நிகராக, ராத்திரியில் ஒரு பெரும் பங்கு இந்த ஒரு விடைபெறுதலுக்குப் போகிறது. அவள் தடுக்கிறாள், கோபிக்கிறாள், அழுகிறாள். அவன் பதில் சொல்கிறான். பேச வேண்டியதெல்லாம் பேசப்படுகிறது. அதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? பதினாறு நாளைக்கு முன் தன் புருஷனை அடக்கம் செய்த பெண்ணும் பார்க்கிறாள். அவளுடைய வீட்டில் பேசப்படாமல் போன வார்த்தைகளை அந்தப் பொன்னுருவி வேஷக்காரன் விடிய விடியப் பேசுகிறான். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய பெரியவர்கள் மனித மனதை நன்றாய் அறிந்தவர்கள்.

நமக்கும் அப்படி ஒன்று இல்லாமலில்லை. தவக்காலத்தில் தமிழ்நாட்டின் பல பங்குகளில் பாஸ்கா நாடகம் நடிக்கிறார்கள். பிலாத்து வேஷமும் சவுக்கடிக் காட்சியும் நன்றாய் அமைந்ததா என்றுதான் நாம் மறுநாள் பேசிக்கொள்வோம். பூங்காவனக் காட்சி மெதுவாய்ப் போவதாய்ச் சிறுவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் நான் சொல்ல வந்த பொருளுக்கு நெஞ்சு போன்றது அந்தக் காட்சிதான். சேசுநாதர் தமக்கு நேரிடப்போவதைச் சிநேகிதரிடம் மறைக்கவில்லை. தம் ஆத்துமம் சாகும் மட்டும் துக்கப்படுகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறார். அவர் கேட்டது மருந்தல்ல, ஆறுதல் பிரசங்கமுமல்ல. கூட விழித்திருங்கள் என்பதே. அவர்களோ தூங்கிவிட்டார்கள். நம் வீட்டு நாடகமும் ஒருவிதமான தூக்கம்தானோ என்று நினைக்கத் தோன்றுகிறது. வியாதிக்காரர் விழித்துக்கொண்டிருக்கிறார், சுற்றியிருக்கிற நாம் எல்லாரும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லித் தூங்குகிறோம்.

சாவு வாசலில் நின்றபோது நாடகத்தைக் கையிலெடுத்த ஓர் ஊரும் உண்டு. ஜெர்மனி தேசத்தில் ஓபரம்மர்கௌ என்ற மலைக் கிராமம். 1633-ல் கொள்ளைநோய் வந்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, நோய் நீங்கினால் கர்த்தருடைய பாடுகளைப் பத்து வருஷத்துக்கொருமுறை நடிப்போம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள். 1634-ல் முதல்முறை நடித்தார்கள். இன்றும் நடிக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்தவர்களோ, இருபது வருஷம் அங்கே குடியிருந்தவர்களோதான் நடிக்கலாம். 2020-ல் நடக்க வேண்டியதைக் கொரோனா தடுத்தது, 2022-ல் நடித்தார்கள். கொள்ளைநோயில் பிறந்த நாடகம் இன்னொரு கொள்ளைநோய்க்காகக் காத்திருந்து மேடை ஏறியது.

ஆகவே, அடுத்த திருநாளுக்கு என்ன நாடகம் போடலாம் என்று யோசிக்கிற இளைஞர்களுக்கும், அவர்களுக்குச் சந்தா கொடுக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் மேலே எழுதிய வீட்டை மேடையேற்றுங்கள். ஒரு கட்டில், ஒரு குடம், மாத்திரைப் பை, இவை போதும். சீன் வாடகைகூட மிச்சம். பிரசங்கத்தைக் கேட்டு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நாடகத்தில் அப்படி முடியாது. மகனாக நடிக்கிறவன், அப்பா 'நான் பிழைப்பேனாடா?' என்று கேட்கும்போது ஏதாவது ஒரு பதில் சொல்லியே தீரவேண்டும். ஒத்திகையில் பத்துமுறை சொல்லிப் பார்ப்பான். பொய்யைச் சொன்னால் அது அவன் காதுக்கே பொய்யாய் விழும். எதிரே உட்கார்ந்திருக்கிற நமக்கும், 'நான் என்ன சொல்லியிருப்பேன்?' என்று உள்ளுக்குள் ஓடும். திரை விழுந்ததும் கட்டிலில் கிடந்த பையன் எழுந்து வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவான் என்று நமக்குத் தெரியுமாதலால், பயமில்லாமல் யோசிக்கலாம். மெய்யாகவே அந்த நாள் வரும்போது அப்படி யோசிக்க அவகாசம் இராது.

எழுதுகிறவர்களுக்குச் சில வார்த்தை. கடைசிக் காட்சியில் அற்புதமாய்ச் சுகமாக்கிவிடாதீர்கள். ஆண்டவர் அற்புதம் செய்ய வல்லவர். ஆனால் நாடக ஆசிரியர் முடிச்சு அவிழ்க்க முடியாமல் செய்யும் அற்புதம் வேறு. வியாதிக்காரரை ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டவராக்கவும் வேண்டாம். அவர் எரிந்து விழட்டும், கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிடட்டும், தன் தம்பியோடு சமாதானமாக மாட்டேன் என்று ஒருமுறையாவது சொல்லட்டும். ருஷ்ய ஆசிரியர் டால்ஸ்டாய் 1886-ல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற கதையைத் தமிழில் படித்தவர்கள் நம்மிலும் இருப்பீர்கள். வலியைவிட அவனை அதிகம் வதைத்தது, சுற்றியிருந்தவர்கள் சொன்ன பொய்தான். பொய் சொல்லாத ஒரே ஆள் கெராசிம் என்ற வேலைக்காரப் பையன். அவன் தத்துவம் ஒன்றும் பேசவில்லை. வலி தணியட்டும் என்று எஜமானனுடைய காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தான். உங்கள் நாடகத்தில் அப்படி ஒரு பாத்திரம் இருந்தால் போதும். பக்கத்து வீட்டு உப்பளக்காரராகவே இருக்கட்டும்.

வலியைப் பற்றியும் உண்மையைச் சொல்லுங்கள். 'வலியை ஒப்புக்கொடு' என்று மட்டும் சொல்லி, தீர்க்கக்கூடிய வலியைத் தீர்க்காமல் விடுவது வேதத்தின் போதனையல்ல. 12-ம் பத்திநாதர் 1957 பிப்ரவரியிலேயே, கடும் நோவைத் தணிக்க மருந்து கொடுக்கலாம், வேறு வழியில்லாதபோது அதனால் ஆயுசு சற்றுக் குறையக்கூடுமானாலும் கொடுக்கலாம் என்று வைத்தியர்களுக்குத் தெளிவாய்ச் சொன்னார். தக்க காரணமின்றி, அதிலும் ஒருவர் தம் கடமைகளை முடிக்குமுன், அவருடைய நினைவை மட்டும் பறிக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். கேரளத்தில் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் சில வைத்தியர்கள் தொடங்கிய நோவு தணிக்கும் சேவை, இன்று அங்கே அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று வீடு வீடாய்ப் போய்ப் படுக்கைக்காரரைப் பார்க்கும் பெரும் பணியாய் வளர்ந்திருக்கிறது. மார்பின் மருந்து கிடைப்பதிலிருந்த கெடுபிடியைத் தளர்த்தி நம் நாட்டுச் சட்டமும் 2014-ல் திருத்தப்பட்டது. 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்ற வசனத்தை உங்கள் நாடகத்து டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. செய்வதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுவாமியாரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று வீட்டார் அடுப்பங்கரையில் குசுகுசுக்கும் காட்சி. "சாமியார் வந்தா பயந்துடுவார், நெனப்புத் தப்பட்டும், அப்புறம் கூப்பிடலாம்." இதைக் கேளாத பங்கு உண்டா? அவஸ்தைபூசுதல் என்று நாம் அழைத்து வந்ததை நோயில்பூசுதல் என்றழைப்பதே மேலானது என்றும், அது சாகும் தறுவாயிலிருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்றும் வத்திக்கான் சங்கம் 1963-ல் அறிவித்தது. 6-ம் சின்னப்பர் 1972-ல் அதற்குப் புதிய சடங்குமுறையையும் அங்கீகரித்தார். பெயர் மாறி இத்தனை காலமாகியும் அடுப்பங்கரைப் பேச்சு மாறவில்லை. நினைவோடு பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பிள்ளைகள் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டியவரை, நினைவு தப்பும் வரை காக்க வைக்கிறோம். அர்ச். சூசையப்பரிடம் பாக்கியமான மரணத்துக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிற நாமேதான் இதைச் செய்கிறோம். வேண்டிக்கொண்டது கைக்கு வரும் வேளையில் கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது.

மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். நாடகம் நடக்கிற இரவில், பந்தலில் உட்கார்ந்திருப்போரில் ஒருவருக்கு இந்த வியாதியே இருக்கலாம். அவருக்குத் தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆகையால் முன்னறிவிப்பிலேயே பொருள் இன்னதென்று சொல்லிவிடுங்கள். வர விரும்பாதவர்கள் வராதிருக்கட்டும். சமீபத்தில் துக்கம் நேர்ந்த வீட்டின் அடையாளம் ஒன்றும் கதையில் வரக்கூடாது. பேச்சோ, பட்டப்பெயரோ, வீட்டு வாசலோ கூட ஒத்துப்போகக்கூடாது. அழவைத்துக் கைதட்டு வாங்க வேண்டுமென்ற ஆசை தலைதூக்கினால் அந்த வசனத்தை அடித்துவிடுங்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தால் அளத்தில் வேலை நின்றுவிடும். ஒத்திகைக்கு அதுவே தோதான காலம். பிள்ளைகளின் அரைப்பரீட்சையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேஷம் பிரிக்கும்போது, கட்டிலில் கிடக்கும் அப்பா வேஷத்தை நன்றாய் வசனம் பேசுகிற பையனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மகன் உண்மையைச் சொல்லி முடித்த பிறகு, ஒன்றும் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, பந்தலில் இருக்கிறவர்களுக்குச் சங்கடமாகிற வரைக்கும் படுத்திருக்க வேண்டிய வேஷம் அது. அப்படிப் படுத்திருக்கத் தெரிந்த பையன் உங்களில் யாரென்று பாருங்கள்.